கை எடுத்தாச்சு

கூரை ஒழுகவில்லை. சேதுபதி ஏணி போட்டு ஏறித் தகரத்தை இடம் இடமாகத் தடவிப் பார்த்துவிட்டான். ஆனாலும் கீழே எஃகுத் தகடுகள் நனைந்திருந்தன. காலையில் சாக்கால் துடைத்தான், மத்தியானமும் துடைத்தான், இதோ மறுபடியும் ஈரம். விரலை நாக்கில் வைத்தான். உப்பு.

கடற்கரையை விட்டுத் தள்ளியிருக்கும் காஜா பேராங் குடோனுக்குள் உப்புத் தண்ணீர் எப்படி வந்தது? கடல் என்ன, காலார நடந்தா வரும்?

இந்தச் சரக்கு வந்ததே சரியில்லை. கரைக்கு வரமுடியாமல் கப்பல் வெளியே நங்கூரமிட்டு நிற்க, தகட்டுக் கட்டுகளைத் தொங்கான் படகில் இறக்கும்போது அலை தூக்கி அடித்ததில் ஓர் ஆள் கப்பலுக்கும் படகுக்கும் இடையில் விழுந்துவிட்டான். புது ஆள். தேடியும் கிடைக்கவில்லை.

நாளை சர்வேயர் வருகிறார். ஈரத்தில் மருந்துச் சொட்டு விடுவார். பால் போல வெளுத்தால் கடல் தண்ணீர் என்று சரக்கையே தள்ளிவிடுவார். ஆட்களை மேய்க்கும் மண்டோர் வேலை பார்க்கும் சேதுபதியின் தலைதான் உருளும். ஒவ்வொரு கட்டாகத் தூக்கித் துடைத்து, காற்றுப் போக இடையில் காய்ந்த கட்டை வைத்து அடுக்கியாக வேண்டும். மற்ற ஆட்கள் மழையைச் சாக்குச் சொல்லி நழுவிவிட்டார்கள். நின்றவன் ஜெயபாலன் ஒருவன்தான். சேதுபதியின் பெண்டாட்டி கோகிலாவின் ஒரே தம்பி. மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்த கையோடு சேதுபதிதான் முதலாளி தவுக்கேயிடம் சொல்லி அவனை வேலைக்குச் சேர்த்தான். தை மாதம் அவனுக்குக் கல்யாணம். அவனுக்கு ஏதாவது ஆனால் பெண்டாட்டி முகத்தில் விழிக்க முடியாது.

ஈரக்காற்று பட்டால் எஃகு வியர்க்கும் என்று கதவுகளைச் சாத்தித் தாழ் போட்டிருந்தார்கள். உள்ளே எண்ணெயும் துருவும் ஊறின சாக்கும் சேர்ந்த வாடை மூக்கை அடைத்தது. மழை தகரத்தில் கொட்டுகிற இரைச்சலுக்கு அடியில் வேறு ஏதோ சொட்டுகிற சத்தம் கேட்பதும் நிற்பதுமாக இருந்தது. ஒற்றை பல்பின் வெளிச்சம் பாதி அடுக்கோடு நின்றுவிட்டது. சேதுபதி இந்தப் பக்கம் கப்பிச் சங்கிலியில். ஜெயபாலன் அடுக்குக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியாமல், கட்டை வைக்கிறான். கட்டை வைக்கிறவன் 'கை எடுத்தாச்சு' என்று கத்தினால்தான் சங்கிலிக்காரன் இறக்குவான். துறைமுகத்தில் எல்லா ஆட்களுக்கும் அதுதான் பழக்கம்.

"கை எடுத்தாச்சு!"

சேதுபதி இறக்கும் பக்கத்துச் சங்கிலியை இழுத்தான். கட்டு இறங்கியது.

"மச்சான்! நிறுத்துங்க! கை உள்ளதான் இருக்கு!"

சேதுபதி சட்டென்று தூக்கும் பக்கத்துச் சங்கிலியை இழுத்தான்; கட்டு மேலே ஏறியது. "நீதானடா கத்துன?"

"நான் வாயே தொறக்கல மச்சான்." ஜெயபாலன் சுற்றிக்கொண்டு ஓடி வந்தான். நகம் நசுங்கியிருந்தது. "உள்ளுக்கு வேற யாரு இருக்கா?"

இருவரும் தேடினார்கள். யாரும் இல்லை. கதவில் போட்ட தாழ் போட்டபடி இருந்தது.

"போயிருவோம் மச்சான்."

சேதுபதிக்கும் ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் மிச்சம் இரண்டே கட்டு. விடிந்தால் சர்வேயர்.

"இனிமே கத்த வேணாம் மாப்ள. கட்டைய வச்சிட்டு எனக்கு முன்னால வந்து நில்லு. ரெண்டு கையையும் காட்டு. அப்பதான் இறக்குவேன்."

இதில் தப்பு நடக்க வழியில்லை. சேதுபதிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

கட்டு மேலே ஏறி நின்றது. அந்தப் பக்கம் கட்டை உரசும் சத்தம். மழை வலுத்தது. பல்பு மங்கியது.

காலடி.

அடுக்கின் ஓரமாக அவன் வந்து நின்றான். வெளிச்சம் நெஞ்சுவரைதான் எட்டியது. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிக் காட்டினான். எல்லா விரல்களும் முழுசாக இருந்தன.

அப்பாடா.

சேதுபதி இறக்கினான். கட்டு உட்கார்ந்தது. மெத்தென்று.

அந்தப் பக்கத்திலிருந்து அலறல்.

"மச்சான்! கை! தூக்குங்க மச்சான்!"

எதிரே நின்றவன் கைகளைத் தாழ்த்தவில்லை. முழங்கையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. நிற்காமல்.

சேதுபதி தூக்கும் சங்கிலிக்குப் பாய்ந்தான். இழுத்தான். கட்டு அசைந்தது.

"தூக்குங்க..."

ஈரமான இரண்டு கைகள் அவன் கைகளின் மேல் படிந்தன. சில்லென்று. சங்கிலியிலிருந்து அவன் விரல்களைப் பிரித்தன. இறக்கும் பக்கத்துச் சங்கிலியில் வைத்து அழுத்திப் பிடித்தன.

இழுத்தன.