அக்கா வீட்டுச் சத்தம்

பூட்டைத் திறந்து உள்ளே காலை வைத்ததும், அவளுடைய இடது கை தானாகவே நீண்டு, மர அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் நுழைந்து விளக்கைப் போட்டது. வெளிச்சம் வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இந்த வீட்டுக்கு அவள் இதற்குமுன் வந்ததே இல்லை. சுவிட்ச் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதை யாரும் சொன்னதும் இல்லை.

பின்னால் காலி அட்டைப்பெட்டிகளை அணைத்துக்கொண்டு படியேறி வந்த கணவன் அதைக் கவனிக்கவில்லை. பெட்டிகளைத் தொப்பென்று போட்டுவிட்டு மூக்கைச் சுளித்தான். கீழ்த்தளம் முழுக்க மீன் வைக்கும் குளிர்கிடங்கு. அடைத்துக் கிடந்த அந்த மூன்று அறைகளிலும் பழைய மீன்வாடையும், ஈரத்தில் ஊறிய சுண்ணாம்பு வாடையும், மதிய வெயிலில் வெந்த மெத்தையின் வாடையும் ஒன்றோடொன்று கலந்து, முகத்தில் ஈரத்துணியைப் போட்டதுபோல் வந்து ஒட்டின.

அது அவளுடைய அக்காவின் வீடு. அக்கா என்றாலும் சில நிமிடங்கள்தான் மூத்தவள். இருவரும் ஒரே அச்சில் வார்த்த இரட்டையர். இரண்டு குழந்தைகளை வளர்க்க முடியாத அம்மா, தவழும் வயதிலேயே இளையவளைச் சித்தியிடம் கொடுத்துவிட்டாள். சித்தி வீட்டில் இவள்மேல் ஒரு துரும்பு விழவில்லை. படித்தாள், காது மருத்துவமனையில் கேட்கும் திறனைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்தாள், அதிர்ந்து பேசாத ஒரு மனிதனைக் கட்டிக்கொண்டாள். பெற்றவர்களிடமே தங்கிப்போன அக்காவோ, குடித்துவிட்டு வரும் அப்பாவின் பெல்ட்டுக்கு முதுகைக் கொடுத்து வளர்ந்தாள். போன கோடையில், இதே வீட்டில், தூங்கிக்கொண்டிருந்த தன் புருஷனைக் கொன்றுவிட்டு, போலீஸ் வரும்வரை நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

வழக்கு நடந்தபோது இருவரின் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்த மனநல மருத்துவர் இவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்.

“உடம்புன்னு பாத்தா நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுதாம்மா. வளந்த இடம்தான் வேற. அதனாலதான் அவங்க உள்ள இருக்காங்க, நீங்க வெளிய இருக்கீங்க.”

அந்த வார்த்தையை அவள் நெஞ்சோடு பொத்தி வைத்துக்கொண்டாள். ஆனால் பேப்பரில் வந்த முகம் அவளுடைய முகம். கடையில், பஸ்ஸில், அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. இன்றுகூட எதிர்வீட்டுப் பெண்மணி இவளைப் பார்த்ததும் விருட்டென்று பின்வாங்கி, கதவிடுக்கு வழியாக முறைத்துக்கொண்டே நின்றாள். வீட்டை வாடகைக்கு விட்டிருந்தவர் போனில் நலம்கூட விசாரிக்கவில்லை. சாயந்திரத்துக்குள் சாமான்களை எடுக்காவிட்டால் எல்லாம் குப்பைக்குப் போகும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

சிறையில் பார்க்கப் போனபோது அக்கா அதிகம் பேசவில்லை. கம்பிவலைக்கு அந்தப்பக்கம் இருந்து சொன்னது இவ்வளவுதான்:

“அவர் மேல எனக்குக் கோபமே இல்லடி. அந்தச் சத்தம் நிக்கணும்னு பாத்தேன்.”

சமையலறைப் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அவளுக்கும் அது கேட்டது. நோயாளிகளின் காதில் அவள் ஒலிக்கவிடும் மிகத் தாழ்ந்த ஒலிக்கும் கீழே, காதால் கேட்பதைவிடக் கடைவாய்ப் பல்லால் உணர்வதுபோல், ஒரு ரீங்காரம். விடாமல், மூச்சுக்கூட வாங்காமல், தரையிலிருந்து கால் எலும்பு வழியாக ஏறி மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கிடங்கின் இயந்திரம்தான், வேறென்ன என்று தேற்றிக்கொண்டாள். ஒருவேளை அக்காவைப் பித்துப்பிடிக்க வைத்ததும் இதுதான். அவளுக்கு முதல்முறையாக அக்காமேல் இரக்கம் சுரந்தது.

கொஞ்சநேரம் நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்டுவரும்படி கணவனை அனுப்பினாள். அவன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான்.

“கிடங்கை மூடி ரெண்டு வருஷம் ஆச்சாம். அங்க கரண்டே கிடையாது. உங்க ஆஸ்பத்திரியில முதல்ல உன் காதைச் சோதிக்கச் சொல்லணும்.”

ரெண்டு வருஷம். அப்படியானால் போன கோடையில் அக்கா கேட்டது எதை?

அவன் பெட்டிகளை ஒட்ட ஆரம்பித்தான். டேப் கிழியும் ஒவ்வொரு முறையும் அவளுக்குத் தோலை உரிப்பதுபோல் இருந்தது. அவன் மூக்கை உறிஞ்சினான். அதே கேலியை இன்னொரு தடவை சொல்லித் தானே சிரித்தான். இத்தனை வருடத்தில் அவனிடம் ஒரு கடுஞ்சொல் பேசாதவள், அவனுடைய பிடரியையே பார்த்துக்கொண்டு நிற்பதை உணர்ந்து திடுக்கிட்டாள். வெளியே ஓடிப்போய்ப் படிக்கட்டில் நின்றாள். அங்கே சத்தம் இல்லை. எதிர்வீட்டுக் கதவிடுக்கில் ஒரு கண் இருந்தது.

உள்ளே வந்து, போய்விடலாம், மீதியை அவர்களே தூக்கிப் போட்டுக்கொள்ளட்டும் என்றாள்.

“சரி, போலாம்மா. முதுகு விட்டுப்போச்சு, ஒரு அஞ்சு நிமிஷம் நீட்டிக்கறேன்.”

அவன் மெத்தையில் சாய்ந்தான். அடுத்த நொடியே தூங்கிப்போனான்.

ஜன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. சத்தம் கூடியது. அவள் சுவரில் காதை வைத்தாள். இல்லை. தரையில் படுத்துக் கேட்டாள். இல்லை. குழாய், அலமாரி, ஜன்னல் கம்பி. எதிலும் இல்லை. பொறுமையாக, மருத்துவமனையில் செய்வதுபோலவே, ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வந்தாள்.

கடைசியில் அவன் பக்கத்தில் மண்டியிட்டாள்.

அவன் மார்பில் காதை வைத்தாள்.

அங்கேதான் இருந்தது.

எழுப்ப வேண்டும் என்று நினைத்தாள். எழுப்பத்தான் கையை நீட்டினாள். வளர்ந்த இடம் வேற. வளர்ந்த இடம் வேற. உதடு முணுமுணுத்தது. கையில் தலையணை இருந்தது. எப்போது எடுத்தாள்? தெரியவில்லை. கை அவளைக் கேட்கவில்லை.

அவன் கால்கள் ஒரு பெட்டியை உதைத்தன. பாத்திரங்கள் உருண்டன. பிறகு உருளவில்லை.

அமைதி.

பிறந்ததிலிருந்து அப்படியொரு அமைதியை அவள் கேட்டதில்லை. குளிர்ந்த தண்ணீர்போல் அது காதுகளில் நிரம்பியது. அவள் அழவில்லை. கண்ணை மூடி, அதை அப்படியே குடித்தாள்.

கதவு தட்டப்பட்டது.

“என்னம்மா விழுந்துச்சு? யாருக்காவது அடிபட்டுதா?”

எதிர்வீட்டுப் பெண்மணி. குரலில் பயம். அந்தக் குரலுக்கு அடியில், மெல்ல, கடைவாய்ப் பல்லில் வந்து தொட்டுக்கொண்டு, அதே ரீங்காரம்.

அவள் தலையணையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கலைந்த தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். முகத்தில் ஒரு புன்னகையை வரவழைத்து, தாழ்ப்பாளை விலக்கிக் கதவை அகலத் திறந்தாள்.

“ஒண்ணுமில்லக்கா,” என்றாள் அன்பாக. “உள்ள வாங்க.”