தொட்டி மண்ணில் மாத்திரைகள்

மகள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து "அம்மா" என்று கூப்பிட்டபோது, அது யார் குரல் என்று அவளுக்கு ஒரு கணம் தெரியவில்லை.

மற்றவர்களுக்கு என்றால் இது பெரிய விஷயமில்லை. வயதானால் காது மந்தமாகும், போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனை மாட்டிக்கொண்டே தலை நரைத்தவள். ஒருமுறை கேட்ட குரலைப் பல வருஷம் கழித்துக் கேட்டாலும் ஆளைச் சொல்லிவிடுவாள். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் இன்றைக்கும் அவளை "எக்ஸ்சேஞ்ச்" என்றுதான் கூப்பிடுவார். அப்பேர்ப்பட்ட காதில், பெற்ற மகளின் குரல் யாரோ போல் விழுந்தது.

"என்னம்மா அப்படிப் பாக்குற? மாத்திரை போட்டியா?"

"போட்டேன்" என்று பொய் சொன்னாள்.

சில நாட்களாகவே அவள் மாத்திரை போடுவதில்லை. திட்டம் போட்டுச் செய்த காரியம் அல்ல அது. ஒரு சாயங்காலம் வறண்டு கிடந்த வாயில் மாத்திரை ஒன்று அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. எரிச்சலில் அதைச் சமையலறை ஜன்னலோரச் செடித்தொட்டியில் துப்பி, விரலால் மண்ணைத் தள்ளி மூடினாள். மறுநாள் காலையில் சத்தங்கள் திரும்பி வந்தன. மொட்டைமாடி டேங்கில் தண்ணீர் ஏறும் சத்தம், கீழ்வீட்டு குக்கர் விசில், லிஃப்ட் கதவு இழுபட்டு மூடும் கிரீச், தூரத்தில் யாரோ யாரையோ திட்டுவது, எல்லாமே காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டதுபோல் தெளிவாகக் கேட்டன. ஆசையாக இருந்தது. அதற்குப் பிறகு எல்லா மாத்திரைக்கும் தொட்டிதான்.

எத்தனை மாத்திரை! முதலில் தூக்கம் வரவில்லை என்று புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு டாக்டரிடம் போனார்கள். அவர் மருந்தில் தூக்கம் வந்தது, கூடவே தலைசுற்றலும் வந்தது. தலைசுற்றலுக்கு வேறொரு டாக்டர். அவர் கொடுத்ததில் கை நடுங்கியது. நடுக்கத்துக்கு இன்னொருவர். அதில் வாய் வறண்டு நினைவு தப்ப ஆரம்பிக்க, மறதிக்கென்று தனியாக ஒருவர். ஒருவர் கொடுத்ததைப் பற்றி இன்னொருவரிடம் இவர்கள் மூச்சு விட்டதில்லை. "சொன்னா கோவிச்சுக்குவாரு. அங்க ஏன் போனீங்க, என்மேல நம்பிக்கை இல்லையாம்பாரு" என்பார் கணவர். படித்த மனிதர்களுக்குக் கொடுக்கும் மரியாதையாம். அந்த மரியாதையின் பலன், அடைமழையிலும் பஸ்ஸை நேரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திய மனுஷன் இப்போது விளக்கு வைப்பதற்குள் சோபாவில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறார்.

அந்த முதல் டாக்டரின் வரவேற்பறைகூட அவளுக்கு நினைவுக்கு வந்துவிட்டது. நீள பெஞ்சு, பினாயில் வாடை, மாஸ்க் போட்டுக்கொண்டு ஆட்களை உள்ளே அனுப்பும் பெண். "அடுத்து நீங்கதான், வாங்கம்மா, வாங்க" என்று கடைசி வார்த்தையை மட்டும் தாலாட்டுபோல் இழுப்பாள். எக்ஸ்சேஞ்சில் சேர்ந்திருந்தால் நல்ல பேர் வாங்கியிருப்பாள் என்று அப்போதே தோன்றியது. அவள்தான் ஒருநாள் "கூட புள்ளைங்க யாரும் வரலையாம்மா?" என்று கனிவாகக் கேட்டாள். என்ன பதில் சொன்னோம் என்பது மட்டும் பிடிபடவில்லை.

மகள் பாத்திரம் கழுவும் சத்தத்தைக் கேட்டபடி அவள் யோசித்தாள். இவள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாள்? முதல் பல் விழுந்தபோது அழுதாளா? பிரசவம்? எதை மறந்தாலும் ஒருத்தி அந்த வலியை மறப்பாளா? சுவரில் கல்யாணப் படம் இருந்தது, டிப்போ ஆட்களோடு கணவர் நிற்கும் படம் இருந்தது. குழந்தைப் படம் ஒன்றுகூட இல்லை. அலமாரியைத் திறந்து, பழைய துணிகளின் பூச்சி உருண்டை வாசனைக்குள் கையை விட்டுத் துழாவினாள். ஒரு சின்ன கவுனாவது, ஒரு கிலுகிலுப்பையாவது கிடைக்காதா என்று இருந்தது. கிடைக்கவில்லை.

"என்னம்மா தேடுற?"

முதுகுக்குப் பின்னால் மகள். காலடிச் சத்தமே கேட்கவில்லை.

"நீ குழந்தையில போட்ட சட்டை ஏதாவது இருக்கான்னு…"

"அதெல்லாம் எப்பவோ தூக்கிப் போட்டாச்சு." சிரித்தாள். "மறதி மாத்திரைய நிறுத்தினா பெத்த புள்ளையே மறந்துபோயிடும்னு டாக்டர் சொன்னாரும்மா. நீ நிறுத்தலையே?"

"இல்லையே."

அதுதான் உண்மையோ? மாத்திரையை விட்டதால்தான் புத்தி பேதலிக்கிறதோ? தினம் வந்து சமைத்து, வீட்டைப் பெருக்கி, டாக்டர் டாக்டராக அழைத்துப் போகிற பிள்ளையைச் சந்தேகப்படுகிறோமே என்று நெஞ்சு உறுத்தியது. அவள் மறுபடி சமையலறைக்குள் போனதும், இவள் சோபா அருகே குனிந்து கணவரை உலுக்கினாள்.

"ஏங்க. நம்ம பொண்ணு எப்போங்க பொறந்தா?"

அவர் கண்ணைத் திறந்தார். நெடுநாளைக்குப் பிறகு, சாலையைப் பார்க்கிற பழைய பார்வை.

"பொண்ணா? நமக்கேது பொண்ணு, எக்ஸ்சேஞ்ச்? ஒண்ணுகூட தங்கலையேன்னு நீ அழுத அழுகை மறந்துபோச்சா?"

கண் மூடிக்கொண்டது.

சமையலறையில் குழாய் நின்றது.

கேட்டிருப்பாளா? இவ்வளவு மெதுவாகப் பேசியதா கேட்கும்?

"செடிக்குத் தண்ணி ஊத்துறேம்மா" என்றது அந்தக் குரல்.

தண்ணீர் விழும் சத்தம். பிறகு கரண்டியால் மண்ணைக் கிளறும் சத்தம். நிதானமாக. ஈர மண் வாசனை கூடம்வரை வந்தது. எவர்சில்வர் தட்டில் ஏதோ விழுந்தது. டிங். இன்னொன்று. டிங். இந்தக் காது ஒன்றைக்கூட விடவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை போனாள். பூட்டியிருந்தது. ஆணியில் சாவி இல்லை. கதவைத் தட்டக் கை எழுந்தது, தட்ட பலம் இல்லை. கூடம் இருட்டிவிட்டிருந்தது. விளக்கை யாரும் போடவில்லை.

பின்னால், மிக மெதுவாக:

"ஆ காட்டுங்கப்பா."

விழுங்கும் சத்தம்.

"இன்னொண்ணு."

விழுங்கும் சத்தம்.

திரும்பினாள். கணவர் தூக்கத்திலேயே மென்றுகொண்டிருந்தார். உதட்டோரத்தில் ஈர மண். தாடையில் மண். சட்டைக் காலரில் மண். கையில் தட்டோடு அந்தப் பெண் எழுந்தாள். தட்டில் இன்னும் நிறைய இருந்தது.

"அடுத்து நீங்கதான், வாங்கம்மா" என்றாள். "வாங்க…"

தெரிந்துவிட்டது. அந்தக் குரல் யாருடையது என்று இப்போது தெரிந்துவிட்டது.

கத்த நினைத்தாள். பழகிப்போன வாய், ஒரு மாத்திரை அளவுக்கு மட்டும் தானாகத் திறந்துகொண்டது.