காட்டெருமைக்கு ஒரு தோட்டா

செல்போன் அலறியது.

நாரணாபுரம் பட்டாசு ஆலையில் மருந்து ரூம் வெடித்துவிட்டது... ஒரு ஆள் காலி!

இன்ஸ்பெக்டர் இசைவாணி டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். 2006 தீபாவளி சீசன். சீசன் வந்தாலே விடிந்ததும் இந்த போன்தான். பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு.

மருந்து ரூமுக்குக் கூரை இல்லை. சுவர் இல்லை. சாக்கு மூடிய உடம்பு மட்டும் கிடந்தது. செத்தவன் முனியராஜ், மருந்து கலக்குகிற ஆள். அவன் மனைவி பொன்மணி பக்கத்தில் நின்றாள். அழவில்லை. கொதித்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி மகன் தருண்குமார், சென்னையில் இன்ஜினியரிங் படித்தவன், கதையைத் தயாராக வைத்திருந்தான். முனியராஜ் குடித்துவிட்டு விடியற்காலையிலேயே வந்தானாம். போர்மேன் கதிரவன் கண்டுகொள்ளாமல் உள்ளே விட்டானாம். கதிரவனைக் கொண்டுபோகலாமாம்.

அதானே! ஆலை வெடித்தால் போர்மேனுக்கு விலங்கு. முதலாளிக்கு நெஞ்சுவலி, ஏசி ரூம். எத்தனை தடவை பார்த்தாயிற்று!

மேலிடத்திலிருந்தும் போன் வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் கதிரவனை ரிமாண்ட் பண்ண வேண்டும்.

கதிரவன், பொன்மணியின் கூடப்பிறந்த தம்பி.

"புருசன் போயிட்டாரு. இப்ப தம்பியையும் கொண்டுபோகப் போறீகளா?" என்றாள் பொன்மணி. "அவரு குடிக்கவே மாட்டாரும்மா. வீட்ல இருந்து ரப்பர் செருப்போடதான் போனாரு. இப்ப காலைப் பாருங்க."

இசைவாணி சாக்கை விலக்கினாள்.

பூட்ஸ்!

கயிறு கட்டிய முரட்டு பூட்ஸ். கருகியும் காலை விட்டுக் கழலவில்லை.

இசைவாணியின் அம்மா இதே ஊரில் பட்டாசுக்குத் திரி வைத்துத்தான் அவளைப் படிக்க வைத்தாள். செருப்பு உரசி ஒரு பொறி பறந்தால் போதும்; வாசலில் அதைக் கழற்றாமல் மருந்து ரூமுக்குள் எவனும் கால் வைக்க மாட்டான். முட்டக் குடித்திருந்தாலும் கால் தானாகக் கழற்றிவிடும்.

அப்படியென்றால் முனியராஜ் உள்ளே நடந்து போகவில்லை... தூக்கிப் போட்டிருக்கிறார்கள்!

தூக்கிப் போட்டவன் பூட்ஸைக் கழற்றத் தோன்றாதவன், மருந்து ரூம் பக்கமே வராதவன்.

பூட்ஸ் அடியில் களிமண் அப்பியிருந்தது. நாரணாபுரத்தில் மழை பெய்து மாசக்கணக்காகிறது. சேறு என்றால் ஆனைக்குட்டம் அணைப் பக்கம்தான். அங்கே முதலாளிக்கு ஒரு தோப்பு உண்டு.

ஏட்டு சோலைமலையை அந்தத் தோப்புக்கு விரட்டினாள். மத்தியானம் அவர் பையோடு வந்தார். உள்ளே வாய் பிளந்த துப்பாக்கிக் குழாய். கட்டைவிரல் தடிமனில், கிழிந்துபோன பித்தளைத் தோட்டா.

ஸ்டேஷன். கதிரவன் விலங்கோடு மூலையில். சாட்சி சொல்ல வந்த தருண்குமார் நாற்காலியில், பூட்ஸ் கால் மேல் கால்.

தோட்டாவை மேஜையில் உருட்டினாள் இசைவாணி. தெரியாது என்றான். பார்த்ததே இல்லை என்றான்.

"யாரோ கத்துக்குட்டி செஞ்சது போல," என்றாள் அவள். "இதை வச்சு முயலைக்கூட அடிக்க முடியாது. என்ன ஏட்டையா?"

ஏட்டு சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவனைக் கவிழ்த்தது.

"முயலா? காட்டெருமைக்குப் போட்ட டிசைன் அது!"

கொட்டித் தீர்த்தான். ஒரு டன் மிருகம். சின்னத் தோட்டா எலும்பிலேயே நின்றுவிடும். அடிபட்ட எருமை திரும்பி வந்து ஆளைக் குத்தும். அதனால் கனமான ஈயக் குண்டு, நீளக் கூடு, நிதானமாக எரிந்து குண்டைத் தள்ளுகிற மருந்து... ஒரு வருஷம் உட்கார்ந்து வரைந்தானாம். மலையில் ஒரே குண்டில் சாய்க்க வேண்டுமாம். அதற்கு மருந்து அடைக்க முனியராஜ்; தோப்புச் சேற்றுக்கு அவன் காலில் தன் பழைய பூட்ஸ். அவன் அணுகுண்டுப் பட்டாசு செய்து பழகிய ஆள். சத்தம்தான் வேகம் என்று நம்பிக் கெட்டித்து அடைத்துவிட்டான்.

"தள்ளுற மருந்து கேட்டேன். அந்த முட்டாள் வெடிக்கிற மருந்தைப் போட்டுட்டான். என் டிசைன்ல தப்பே இல்ல!"

"சுட்டது யாரு?"

"அவன்தான். முதல் தடவை... நான் எப்படிச் சுடுறது?"

இசைவாணி நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"குழாய் வெடிச்சு அவன் அங்கனயே செத்துட்டான். பிணத்தைத் தூக்கியாந்து மருந்து ரூம்ல போட்டுக் கொளுத்திட்டீக. அப்படித்தானே?"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தாலும் பிழைச்சிருக்க மாட்டான் மேடம்! ஜீப்ல வர்ற வழியெல்லாம் முனகிக்கிட்டே..."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

காலம் கடந்துவிட்டது.

வாசலில் நின்ற பொன்மணி உள்ளே வந்தாள்.

"உசுரோடயா வச்சுக் கொளுத்துன?"

அறை விழுந்த சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. இசைவாணிக்கு மட்டும் ஜன்னல் வழியாகப் பார்க்க ஏதோ முக்கியமான வேலை இருந்தது.

கதிரவன் கையிலிருந்த விலங்கு தருண்குமார் கைக்கு மாறியது. பொன்மணி தம்பியின் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

தருண்குமார் தள்ளாடியபடி லாக்கப் வாசலில் கால் வைத்தான்.

"தம்பி... பூட்ஸைக் கழட்டிட்டுப் போங்க," என்றாள் இசைவாணி. "உங்க ஃபேக்டரியில நீங்க படிக்காம விட்ட முதல் பாடம்!"