டோமினிக் வீட்டுக் கீபோர்டு

துணியை விலக்கித் தொட்டபோது கட்டைகள் வெதுவெதுப்பாக இருந்தன. சாத்திக் கிடந்த அறை அது. மாதக்கணக்கில் யாரும் தொடாத கீபோர்டு. ஆனாலும் இப்போதுதான் யாரோ வாசித்துவிட்டு எழுந்து போனதைப்போல நடுக்கட்டைகளில் மட்டும் ஒரு உடம்புச் சூடு. கலைவாணி விரலை இழுத்துக்கொண்டாள்.

"கலசப்பாக்கம் வெயில் அப்படிங்க," என்றார் டோமினிக். "என் சம்சாரம் தெரசம்மாளோடது இது. போன வருஷம் தவறிட்டா. எங்களுக்குக் கொழந்த இல்ல. தெருப் பசங்களுக்கெல்லாம் இதுலதான் சொல்லிக் குடுப்பா."

செங்கத்துக் கடையில் விலைக்குப் பார்த்த பழைய கீபோர்டில் பாதிக் கட்டைகள் ஊமை. இதில் எல்லாம் பேசின. எட்டு வயது மகள் ரம்யா அதை விட்டு நகரவே இல்லை. கலைவாணிக்கோ வேறொரு எரிச்சல். ஓரகத்தி கல்பனாவின் மகள் பள்ளி ஆண்டுவிழாவில் வாசித்ததும், கல்பனா அதை செல்போனில் வருவோர் போவோருக்கெல்லாம் போட்டுக் காட்டியதும் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தன. தன் மகள் அவளை மிஞ்ச வேண்டும்.

"இதையே குடுத்துடுங்கண்ணா," என்றாள்.

ஜமுனாமரத்தூர் வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான். புருஷன் வெற்றிவேல் போர்வெல் லாரியோடு வடக்கே போயிருந்தான். கலைவாணி சாமை மில்லில் வேலை முடிந்து வரும்போதெல்லாம், மூடுபனி இறங்கிய தெருவின் கோடியிலேயே கீபோர்டுச் சத்தம் கேட்டது. பத்து நாளுக்குள் ரம்யாவின் இரண்டு கைகளும் தனித்தனியே ஓடின. கலைவாணி கல்பனாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ரம்யாவை வாசிக்கச் சொன்னாள். கல்பனாவின் முகம் சுண்டிப் போனது.

"யாருகிட்ட கத்துக்கினா?"

கலைவாணி சிரித்து மழுப்பினாள். கல்பனா போனதும் மகளிடம் அதையே கேட்டாள்.

"அம்மா சொல்லிக் குடுத்தாங்க," என்றாள் ரம்யா.

"நான் எங்கடி சொல்லிக் குடுத்தேன்?"

"நீ இல்ல."

அதன்பின் கலைவாணி கவனிக்கத் தொடங்கினாள். சீப்பை எடுத்துக்கொண்டு போனால் ரம்யாவுக்கு ஏற்கெனவே பின்னியிருந்தது, தன் கைக்கு ஒருநாளும் வராத இறுக்கமான ரெட்டைப் பின்னல். சோற்றைப் பிசைந்து நீட்டினால் வயிறு நிறைஞ்சிருக்கு என்றாள். படுக்கையில் அணைத்தால் மகளின் கழுத்தில் மெழுகுவர்த்தி அணைந்த வாடை அடித்தது. துணி துவைக்கும்போது சுவருக்கு அப்பால் ரம்யா சிரிப்பாள். கூடவே, வயதான ஒரு பெண்குரல் மெதுவாக முனகும். எட்டிப் பார்த்தால் ரம்யா மட்டும் வாசித்துக்கொண்டிருப்பாள். தன்னிடம் அப்படி அவள் சிரித்ததே இல்லை. பயத்தைவிட அதுதான் கலைவாணிக்கு அதிகம் எரிந்தது. பெற்றவள் நான். பால் கொடுத்தவள் நான். செத்துப்போனவளுக்கு என் பிள்ளை எதற்கு?

ஒரு சாயங்காலம், பனி ஜன்னல்வரை வந்து நின்றபோது, கலைவாணி பிளக்கைப் பிடுங்கி, கீபோர்டிலிருந்து வயரைக் கழற்றினாள். அதையும் ரம்யா உட்காரும் ஸ்டூலையும் தூக்கி வந்து சமையல்கட்டில் போட்டாள்.

"இனிமே அதத் தொடக்கூடாது. நாளைக்கே திருப்பிக் குடுத்துட்றேன்."

ரம்யா அழவில்லை. கீபோர்டு இருந்த அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

கலைவாணி அடுப்பைப் பற்ற வைத்தாள். உலை கொதிக்கும் சத்தம். ஓட்டில் பனி சொட்டும் சத்தம். பிறகு, கீபோர்டு.

பிளக்கின் வயர் அவள் காலடியில் கிடந்தது. ஸ்டூலும் அங்கேயே இருந்தது.

இரண்டு கைகளின் வாசிப்பு அல்ல அது. அதற்கு மேல்.

நடந்தாள். கதவைத் தள்ளினாள். மெழுகு வாடை.

ரம்யா கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கீழே எதுவும் இல்லை. வெறும் தரை. கால்கள் தரைக்கு மேலே சுகமாக ஆடிக்கொண்டிருந்தன. யாரோ ஒருத்தியின் மடியில் இருப்பதைப்போல முதுகைப் பின்னால் சாய்த்திருந்தாள். அவள் விரல் படாத கட்டைகளும் அமுங்கி அமுங்கி எழுந்தன.

"ரம்யா. எறங்கி வாடி."

வாசிப்பு நின்றது. ரம்யா திரும்பி, கலைவாணியை முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, காற்றிடம் மெல்லச் சொன்னாள்.

"அம்மா, யாரோ வந்திருக்காங்க."

ரம்யாவின் கவுன் இடுப்போடு கசங்கியது. ஒரு கை வந்து வளைத்து, இறுக்கிப் பிடித்துக்கொள்வதுபோல.