உலகம் மேற்கோள் காட்டிய படிகம்

1979 ஆடி மாதம். தலவாக்கலையில் மழை விடவே இல்லை. ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட் மத்தியாஸின் வீட்டுக்கு வந்த இரசாயனவியலாளர் கலாநிதி யேசுரட்ணம், தோளில் கிடந்த கறுப்புக் கம்பளியைக் கழற்ற மறுத்துவிட்டார்.

"குளிர் தாங்கலைங்க. தூங்குறது, வாசிக்கிறது எல்லாம் இதைப் போர்த்திக்கிட்டுத்தான்."

அவர் முகம் பார்க்கவே பயமாக இருந்தது. தேயிலைக் கழிவிலிருந்து எடுத்த கஃபீனைத் தட்டைப் படிகமாக வளர்த்து அவர் எழுதிய கட்டுரையைப் பல நாட்டு ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டியிருந்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஊசிப் படிகம். அதைப் பொட்டலம் கட்டி இவருக்கே அனுப்பி விளக்கம் கேட்டார்கள். இப்போது இவருக்கும் ஊசிதான் வருகிறது. திங்கட்கிழமை வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் நேரில் பார்க்க வருகிறார். தட்டைப் படிகத்தைக் காட்டாவிட்டால் கட்டுரை பொய்யென்று ஆகிவிடும்.

"என் உதவியாளர் பெற்றீசியாதான் கெடுக்கிறா. ஊசித் தூசி ஒண்ணு விழுந்தாப் போதும், பாத்திரம் முழுக்க ஊசியாயிரும். நான் கொழும்பு போயிருந்த வாரம் ஆய்வுகூட அறையைக் கழுவிட்டுத் தட்டையா வளர்த்திருக்கா. திரும்பி வந்தேன், எல்லாம் ஊசி. கதவைப் பூட்டிட்டு நானே உள்ள காவல் இருந்தேன். அப்பவும் ஊசி! இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்கலைன்னா பொலிஸ்ல குடுத்துருவேன்."

"தன்னால மட்டுந்தான் முடியும்னு பேர் வாங்கத்தாங்க செஞ்சிருக்கு அந்தப் புள்ள," என்றார் ஹற்றன் ஆசிரியர் பழனியாண்டி. மத்தியாஸ் போகும் இடமெல்லாம் கூடவே போகும் அவர், தீர்ப்புச் சொல்வதில் எப்போதும் முந்திக்கொள்வார். பாதி தடவை தப்பாகிவிடும்.

மூவரும் யேசுரட்ணத்தின் ஆய்வுகூடத்துக்குப் போனார்கள். வாசலில் மூடுபனிக்குள் நின்ற பெற்றீசியாவுக்கு அழுது கண் வீங்கியிருந்தது. "பொலிஸ் வந்தா தோட்டத்து லய வீடுகள்ல நான் எப்படிங்க முகம் காட்டுவேன்? அப்பா செத்தே போயிருவாரு."

மத்தியாஸ் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய் யேசுரட்ணத்தின் பக்கம் திரும்பினார். "பொட்டலங்களை எங்க பிரிப்பீங்க?"

"நான் தங்கியிருக்கிற குவார்ட்டஸ்ல, மடியில வச்சு. அறைக்குள்ள ஒண்ணுகூடக் கொண்டு வந்ததில்ல."

"கம்பளி நனைஞ்சா?"

"இந்த அடுப்புக்கு மேல கயித்துல போடுவேன். லயத்துல பொறந்தவங்க எல்லாரும் அப்படித்தானே காயப்போடுவோம்?"

கயிற்றுக்குக் கீழேதான் கரைசல் பாத்திரங்கள் ஆறிக்கொண்டிருந்தன.

மத்தியாஸ் பெற்றீசியாவை வெளி வராந்தாவில் கழுவிய இரண்டு குவளைகளில் புதுக் கரைசல் ஊற்றச் சொன்னார். ஆறியதும் ஒன்றை மூடி வைத்தார். மற்றதின் மேல் கம்பளியை வாங்கி ஓர் உதறு உதறினார். எல்லோர் கண்ணெதிரிலும் வெள்ளை ஊசிகள் முளைத்துக் குவளை முழுக்கப் பரவின. மூடிய குவளை தெளிவாகவே இருந்தது.

"உங்களை மேற்கோள் காட்டினவங்க அனுப்பின ஊசியெல்லாம் உங்க மடியில கிடந்த இந்தக் கம்பளியிலதான் கொட்டியிருக்கு," என்றார் மத்தியாஸ். "கொழும்புக்கு நீங்க போனப்ப கம்பளியும் போச்சு. அதனாலதான் இந்தப் புள்ளைக்குத் தட்டையா வந்துச்சு. பூட்டின அறைக்குள்ள நீங்க காவல் இருந்தப்ப, கெடுக்கிறது உங்க தோள்லயே கிடந்துச்சு."

யேசுரட்ணம் கம்பளியை விட்டு விலகி நின்றார். "என் குவார்ட்டஸ் முழுக்க அந்தத் தூசிதான். குளிச்சாலும் திரும்ப அதுக்குள்ளதானே போவேன்… திங்கக்கிழமைக்கு?"

"தலைக்குக் குளிச்சு, உடுப்பு மாத்திட்டு, அறையைக் கழுவி நான் வளர்க்கிறேன் சேர்," என்றாள் பெற்றீசியா.

அவளைத் திருடிபோல் நிற்க வைத்தோமே என்று அவர் வெட்கப்பட்டார். மன்னிப்புக் கேட்க இரண்டு கையையும் நீட்டியபடி நெருங்கினார். அவள் மூடிய குவளையை எடுத்துக்கொண்டு சட்டென்று பின்வாங்கினாள்.

"கிட்ட வராதீங்க சேர்."

அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.