பெரிய அளவு ஜாக்கெட்

காற்று பலமாக அடித்ததால் காலையிலிருந்து ஏரியில் ஒரு படகுகூட இறங்கவில்லை. அப்படியிருந்தும் கொடியில் வரிசையாகத் தொங்கிய லைஃப் ஜாக்கெட்டுகளில் கடைசியாக இருந்ததிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்து, கீழே சிமெண்டுத் தரையில் குட்டையாகத் தேங்கியிருந்தது. படகேறுபவர்களுக்கு ஜாக்கெட் மாட்டிவிடும் துளசி கிட்டே போய்ப் பார்த்தாள். பெரியவர்கள் போடும் அளவு. மூன்று பட்டைகளும் பூட்டியபடியே இருந்தன. பட்டையை அவிழ்க்காமல் யாரும் ஜாக்கெட்டைக் கழற்றுவதில்லை.

"அண்ணா, இத யாரு நனைச்சது?"

படகுத்துறையைக் குத்தகைக்கு எடுத்திருந்த கண்ணாயிரம் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். "இன்னிக்கி போட்டே வுடலியேமா. மழத்தண்ணியா இருக்கும். நீ எதையாச்சும் நெனச்சிக்கினு நிக்காத, பூட்டிட்டு வூட்டுக்குக் கெளம்பு."

ஒரு வாரமாக மழையே இல்லை. அது அவருக்கும் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன், காணும் பொங்கல் அன்று கூட்டம் அலைமோதியது. காஞ்சிபுரத்தில் கல்யாணப் பட்டு எடுத்த கையோடு வேன் வேனாக வந்து இறங்கினார்கள். கரைமேல் சுண்டலும் கரும்பும், ஏரி நிரம்பிக் கலங்கலில் வழியும் தண்ணீரில் குளியலும் கூச்சலும். சின்ன அளவு ஜாக்கெட்டுகள் எல்லாம் வந்தவர்களின் பிள்ளைகளுக்கே போய்விட்டன. புதுக் கொலுசு போட்ட குஷியில், தன்னையும் பெடல் படகில் ஏற்றச் சொல்லி ஏழு வயது மகள் சந்தியா துளசியின் உயிரை எடுத்தாள். துளசி பெரிய ஜாக்கெட்டை மாட்டி, மூன்று பட்டைகளையும் இறுக்கி, ஓரிக்கையிலிருந்து வந்த ஒரு தெரிந்த குடும்பத்தோடு அனுப்பிவைத்தாள்.

"காலு பெடலுக்கு எட்டலமா!" என்று கத்திச் சிரித்தபடி போனாள் பிள்ளை.

ஏரியின் ஆழமெல்லாம் மதகுப் பக்கம்தான். அங்கேதான் படகு கவிழ்ந்தது. மற்றவர்களைத் தூக்கிவிட்டார்கள். ஜாக்கெட் மட்டும் தனியாக மிதந்து வந்தது, பட்டை பூட்டியபடி. பிள்ளை அதற்குள்ளிருந்து கீழே நழுவிவிட்டாள். எட்டு நாள் சேற்றைத் துழாவியும் கிடைக்கவில்லை. பெற்ற வயிறு எப்படி ஆறும்? ஓர் எலும்பாவது கைக்கு வராதா என்றுதான் துளசி இந்த வேலையை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

ஸ்கூட்டர் சத்தம் கரையோடு தேய்ந்து போனது. கருவேல மரங்களுக்குப் பின்னால் வெயில் சாய்ந்தது. பாசியும் மீனும் கலந்த வாடையோடு, இன்னொரு வாடையும் தண்ணீர்ப் பக்கமிருந்து மெல்ல வந்தது. ரொம்ப நாள் மூடிக்கிடந்த சேற்றின் வாடை. துளசி ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக அறைக்குள் வைத்துவிட்டு வந்தாள். கடைசிக்கு வந்தால், ஈரமானது கொடியில் இல்லை. ஈரத்தடம் படித்துறைப் பக்கம் இறங்கியது.

கட்டியிருந்த நான்காம் நம்பர் படகில், வலது இருக்கையில், அது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

ஓடிவிடத்தான் கால் துடித்தது. ஆனால் மூன்று வருஷமாகக் காத்துக்கிடந்ததும் அவள்தானே.

"சந்தியா?"

படகில் இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கயிறு அவிழ்ந்தது. யாரும் அவிழ்க்கவில்லை. பதறிப்போய்க் கரைக்குத் திருப்ப மிதித்தாள். படகு திரும்பவில்லை. மதகை நோக்கி நகர்ந்தது. மிதிப்பதை நிறுத்தினாள். இரண்டு கால்களையும் இருக்கைமேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

பெடல் நிற்கவில்லை.

இரண்டு பக்கப் பெடலும் ஒரே கம்பியில் சுற்றுபவை. யாரோ மிதிக்கிறார்கள்.

ஜல். ஜல்.

அவளது கை பட்டையைத் தேடிப்போய் இறுக்கியது, அன்றைக்கு இறுக்கியதைவிடப் பலமாக. உள்ளே சில்லென்று ஓர் உடம்பு இருந்தது.

"இப்ப எட்டுதுமா."

துளசி குனிந்து பார்த்தாள். சேறு வழியும் இரண்டு வெளுத்த கால்கள். ஏழு வயதுப் பிள்ளையின் கால்கள் இல்லை. வளர்ந்திருந்தன. கழற்றிவிட ஆளில்லாத கொலுசு சதைக்குள் புதைந்திருந்தது.