டிரம்முக்கு ஒரு குல்லா

“குளியலறையில யாரு?”

“தம்பி குளிக்கிறான் அக்கா.”

“தண்ணிச் சத்தமே கேக்கலியே.”

“இப்பதான் சோப்பு போடுறான்.”

“அப்ப இது யாரு?”

கடுகு திரும்பிப் பார்த்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் தம்பி நின்றுகொண்டிருந்தான். தலைமுடி நன்றாகக் காய்ந்திருந்தது. மூக்கு மட்டும்தான் ஈரமாக இருந்தது.

“இது வந்து... இன்னொரு தம்பி,” என்றாள் கடுகு.

“அந்தத் தம்பி பேரு என்ன?” என்று தம்பி ஆவலோடு கேட்டான்.

வாசலில் நின்ற டார்ச் அக்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவருக்குச் சுகாதார நிலையத்தில் வேலை. வீடு வீடாகப் போய், தொட்டி, டிரம், பூச்சாடி என்று தண்ணீர் நிற்கும் இடமெல்லாம் டார்ச் அடித்துக் கொசுப்புழு தேடுவார். புழு இருந்தால் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். தெருவில் கொசுக்காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுச் சைக்கிள் கடைக்காரரின் மகள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள்.

“பெரியவங்க இல்லாத வீட்டுக்குள்ள நான் வரக்கூடாது. உன் ரெண்டாவது தம்பி குளிச்சு முடிச்சதும் வர்றேன்,” என்று சொல்லிவிட்டு அக்கா படியிறங்கினார்.

கடுகுவுக்கு அப்பாடா என்று இருந்தது. கடுகு என்பது அவள் உருவத்தைப் பார்த்து வைத்த பெயர். வாயைப் பார்த்து வைத்திருந்தால் வேறு ஏதாவது வைத்திருப்பார்கள். ஆனாலும் பொய் சொல்வது அவளுக்கு வழக்கமில்லை. அம்மா காலையில் சலவைக்கடைக்கு வேலைக்குப் போகும்போதே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“டார்ச் அக்கா வந்தா டிரம்ம கண்ணுல காட்டிடாதே. போன தடவ கொட்டிட்டாங்க. லாரி எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?”

தண்ணீர் லாரி நினைத்த நாளில்தான் வரும். வந்தால் தெருவே குடத்தோடு ஓடும். அப்படி ஓடிப் பிடித்து, மூச்சு வாங்க மாடிப்படி ஏற்றிய தண்ணீர்தான் குளியலறை டிரம்மில் இருந்தது. அதைப் போய் யாராவது கொட்டக் கொடுப்பார்களா?

அன்று சாயங்காலம் தம்பிக்கு உடம்பு கொதித்தது.

மறுநாள் அம்மா வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினார். கடுகுவுக்குத் துணையாக மேல்மாடி வீட்டு அத்தை வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அம்மாவிடமிருந்து போன் வந்தது. ரத்தம் எடுத்திருக்கிறார்கள், முடிவு தெரிய நேரமாகும்.

“அந்தக் காய்ச்சலா இருக்காதுடி. பயப்படாதே,” என்றார் அத்தை. ஆனால் அத்தையின் முகமே பயந்துபோய்த்தான் இருந்தது.

கடுகு கைகழுவத் தண்ணீர் எடுக்கப் போனாள். டிரம்மின் மேல் ஒரு பழைய தட்டு மூடியிருந்தது. மூடியிருந்தது என்று பேர்தான். ஓரத்தில் விரல் போகிற அளவுக்கு இடைவெளி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கொசு வந்து அந்த இடைவெளி வழியாக, சொந்த வீட்டுக்குள் போவதுபோல உள்ளே போனது.

தட்டைத் தூக்கினாள். தண்ணீரில் நூல் நூலாக என்னென்னவோ நெளிந்தன. மேலே வந்தன, உடம்பை வளைத்தன, கீழே போயின.

கடுகு தட்டைக் கீழே போட்டாள். நேற்றே நான் உண்மையைச் சொல்லியிருந்தால்?

“அத்தை, டார்ச் அக்காவக் கூப்பிடப் போறேன்.”

“உனக்கு என்ன கிறுக்கா? முழுசையும் கொட்டிடுவா. ராத்திரி குடிக்க என்ன பண்ணுவே?”

கடுகு சன்னலுக்கு ஓடினாள். தெருமுனையில் அக்கா ஒரு பழைய டயரைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா! மேல வாங்க. இன்னைக்குப் பெரியவங்க இருக்காங்க.”

அக்கா வந்தார். டிரம்முக்குள் வெளிச்சம் அடித்தார். பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து, ஆபீசில் காட்டுவதற்காக அதில் கொஞ்சம் புழுவைப் பிடித்துக்கொண்டார். பிறகு டிரம்மைச் சாய்க்கக் கை வைத்தார்.

கடுகு மறுபக்கத்திலிருந்து டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

“நேத்து பொய் சொன்னது நான்தான். என்னைத் திட்டுங்க. ஆனா தண்ணியக் கொட்டாதீங்க அக்கா. புழு மட்டும்தானே வேண்டாம்? டீ வடிக்கிற மாதிரி வடிகட்டிடலாமே.”

அக்கா டிரம்மை விட்டுவிட்டு யோசித்தார்.

“வடிகட்டினா புழு போயிடும். முட்டை போகாதே. அது டிரம்மோட உள்பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கும். அழுத்தித் தேய்க்கணும். ஒவ்வொரு வீட்லயும் தேய்ச்சிக்கிட்டு நின்னா தெரு எப்ப முடியும்? அதான் கொட்டிட்டுப் போயிடறேன்.”

“நீங்க ஏன் தேய்க்கணும்? எனக்குக் கையில்லயா?”

“நீங்க கொட்டுறதாலதான் எல்லாரும் ஒளிக்கிறோம்,” என்று அத்தை மெதுவாகச் சொன்னார்.

“தெரியாதா எனக்கு? ஒரு வீட்ல டிரம்முக்குப் போர்வை போத்தி, ‘மாமியாருக்கு உடம்பு சரியில்ல, படுத்திருக்காங்க’ன்னாங்க. நான் அந்த மாமியார்கிட்ட உடம்பப் பாத்துக்கங்கம்மான்னு சொல்லிட்டு வந்தேன்.”

அத்தை சட்டென்று கூரையைப் பார்த்தார்.

வேலை தொடங்கியது. அத்தை மடித்த துணியைப் பிடித்துக்கொள்ள, அக்கா குவளை குவளையாக மொண்டு ஊற்றினார். சுத்தமான தண்ணீர் வாளிகளில் இறங்கியது. துணியில் தங்கிய புழுக்களை அக்கா வெயில் காய்கிற மொட்டைமாடியில் உதறிவிட்டு வந்தார். கடுகு காலி டிரம்முக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, நார் போட்டுத் தேய்த்தாள். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. பிறகு வாளித் தண்ணீர் மறுபடியும் டிரம்முக்குள் போனது.

“குடிக்கிறதக் கொதிக்க வைங்க. ஆனா மறுபடியும் கொசு உள்ள போகுமே?” என்றார் அக்கா. “இந்தத் தட்டு ஆகாது.”

கடுகு ஒரு துண்டை மூடிப் பார்த்தாள். அது நடுவில் தொய்ந்து தண்ணீரைக் குடித்தது. யோசித்தபடியே இடுப்புப் பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டவள் அப்படியே நின்றாள். அலமாரிக்கு ஓடினாள். சின்னதாகிப்போன பழைய பாவாடையிலிருந்து எலாஸ்டிக்கை உருவினாள். மெல்லிய பருத்தித் துணியை டிரம்மின் வாயில் இழுத்து விரித்து, எலாஸ்டிக்கைச் சுற்றிப் போட்டு முடிச்சிட்டாள். விரலால் தட்டினால் ‘டம்’ என்றது. எறும்பு நுழையக்கூட வழியில்லை.

அக்கா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு குறையும் சொல்லவில்லை.

அத்தை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “இங்க முடிஞ்சதும்... எங்க வீட்டு மாமியாரையும் கொஞ்சம் வந்து பாரும்மா.”

அக்கா சிரித்த சிரிப்பில் டார்ச் கீழே விழுந்தது.

அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கடுகுவின் சிரிப்பு நின்றுவிட்டது. கதவு திறந்தது. அம்மாவின் தோளில் தம்பி தலைசாய்த்திருந்தான்.

“என்னம்மா சொன்னாங்க?”

அம்மா முதலில் நாற்காலியில் உட்கார்ந்தார். நீளமாக மூச்சு விட்டார்.

“அது இல்ல. வெறும் சளிக்காய்ச்சல்தானாம். மருந்து குடுத்திருக்காங்க.”

கடுகு அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நார் தேய்த்த கை இன்னும் ஈரமாக இருந்தது. அம்மா அந்தக் கையையும், டிரம்மையும், காலி வாளிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“டிரம்மு குல்லா போட்டிருக்கு,” என்றான் தம்பி. காய்ச்சல் வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் பேச்சு அது. எல்லாருக்கும் உயிர் வந்தது.

அவன் அம்மாவின் தோளிலிருந்து இறங்கி, மேசைமேல் இருந்த சின்னப் பாட்டிலின் முன்னால் போய் நின்றான். உள்ளே புழுக்கள் மேலே வந்து, வளைந்து, கீழே போயின. அவன் கண்கள் விரிந்தன. மூக்கைப் பாட்டிலில் ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு டார்ச் அக்காவின் சேலையைப் பிடித்து மெல்ல இழுத்தான்.

“அக்கா, இது நல்லா டான்ஸ் ஆடுது. இதுல ஒண்ணே ஒண்ணு நான் வளத்துக்கட்டுமா?”